ஒரு கட்டி கூடுதல்

தண்ணீருக்கு அடியில் வேலை பார்த்துச் சாப்பிடுகிறவன் தண்ணீரைக் கண்டு பயப்படுவான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நான் பயப்படுவேன். ஒவ்வொரு முறை முகமூடியை மாட்டும்போதும் பயப்படுவேன். அதை யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை. சொல்வதற்குப் பதிலாக எரிந்து விழுவேன். அதனால் எனக்கு முன்கோபக்காரன் என்று பெயர். பயந்தாங்கொள்ளி என்ற பெயருக்கு இது எவ்வளவோ தேவலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

படகுகளின் அடியில் ஒட்டியிருக்கும் சிப்பியையும் பாசியையும் சுரண்டி எடுப்பதுதான் எங்கள் தொழில். அக்கா, அவள் கணவர், நான், ஆக மூன்று பேர்தான் கம்பெனி. அக்காவின் கணவரை மாமா என்று கூப்பிடுவேன். முன்பெல்லாம் அவர்தான் முங்குவார். காதுச் சவ்வு கிழிந்து, இனி தலையைத் தண்ணீருக்குள் விடவே கூடாது என்று டாக்டர் கையை விரித்த பிறகு நான் இறங்க ஆரம்பித்தேன். மாமா இப்போது காற்று அடைக்கும் கம்ப்ரஸரையும் சிலிண்டர்களையும் பார்த்துக்கொள்கிறார். அக்கா கயிறு பிடிக்கிறாள். கயிற்றின் ஒரு முனை என் தோள்பட்டை வாரில், மறு முனை அவள் கையில். மேலிருந்து ஒரு இழுப்பு வந்தால் 'நல்லா இருக்கியா' என்று அர்த்தம். நானும் ஒரு தடவை இழுத்தால் 'நல்லா இருக்கேன்'. விடாமல் இழுத்தால் 'தூக்கு'. சின்ன வயதில் கடைத்தெருவுக்குப் போனால் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டேதான் நடப்பாள். இன்றைக்கும் அதே பிடிதான், நீளம் மட்டும் கூடியிருக்கிறது.

அந்த வாரம் எங்கள் இரும்பு சிலிண்டர்கள் அழுத்தச் சோதனைக்குப் போயிருந்தன. சோதனை முடிந்து முத்திரை விழாமல் அவற்றைத் தொடக் கூடாது. மணல் ஏற்றும் தட்டையடி இரும்புப் படகான பார்ஜ் ஒன்றைச் சுத்தம் செய்து தருவதாக மாமா ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டதால், வாடகைக்கு இரண்டு அலுமினிய சிலிண்டர்களைக் கொண்டுவந்து இறக்கினார்.

அலுமினியம் என்றதும் எங்கள் மூன்று பேர் முகமும் மாறியது. கரையில் வைத்துத் தூக்கிப் பார்த்தால் அது ஒன்றும் லேசு கிடையாது. தண்ணீருக்குள் போனால்தான் அதன் குணம் தெரியும். இரும்பு சிலிண்டர், காற்று தீர்ந்தாலும் ஆளைக் கீழேதான் அழுத்தும். அலுமினியம், காற்று நிறைந்திருக்கிற வரைக்கும் நல்ல பிள்ளையாக முதுகில் உட்கார்ந்திருக்கும். மூச்சு விட விட, உள்ளே இருக்கும் காற்றின் எடை குறைந்து, கடைசியில் ஆளை மேலே தூக்க ஆரம்பித்துவிடும். அதனால் இரும்பிலிருந்து அலுமினியத்துக்கு மாறுகிறவன் இடுப்பு பெல்ட்டில் ஈயத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். என் பெல்ட்டில் எப்போதும் நான்கு ஈயக்கட்டிகள் இருக்கும். கட்டி ஒன்று இரண்டு கிலோ. அலுமினியத்துக்கு ஒரு கட்டி கூடுதல். இவ்வளவுதான் கணக்கு.

அந்தக் கணக்கைப் போடாமல் இறங்கியவன் ஒட்டடைக்குச்சி. ஆள் உயரமாக, ஒல்லியாக இருப்பான். அதனால் அந்தப் பெயர். போன மழைக்காலத்தில் பக்கத்துப் படகுத்துறையில் அலுமினிய சிலிண்டரோடு, பழைய பெல்ட்டோடு, கயிறுகூட இல்லாமல் ஒரு பார்ஜுக்கு அடியில் போனான். வேலை முடியும் நேரத்தில் சிலிண்டர் லேசாகி அவனைத் தூக்கிவிட்டது. திறந்த தண்ணீரில் லேசானால் மேலே வந்து மூச்சு விட்டுக்கொள்ளலாம். எங்களுக்கு மேலே இருப்பது இரும்புத் தகடு. விட்டத்தில் போய் ஒட்டிக்கொண்ட பலூன் மாதிரி அவன் அந்தத் தகட்டில் ஒட்டிக்கொண்டான். கீழே இறங்கவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. வெளியே எடுத்தபோது விரல் நுனிகளில் தோலே இல்லை. சிப்பிகளைப் பிடித்துப் பிடித்து நகர்ந்திருக்கிறான், பாவம், கரைக்கு எதிர்ப்பக்கமாக. அவனைத் தூக்கிக் கிடத்தியதை நாங்கள் மூன்று பேரும் பக்கத்தில் நின்று பார்த்தோம்.

அதனால்தான் வாடகை சிலிண்டர் வந்த அன்றே அக்கா வீட்டில் சண்டை. "நம்ம சிலிண்டர் வர்ற வரைக்கும் வேலைய தள்ளிப்போட்டா என்ன? அவன் உயிரோட விளையாடாதீங்க" என்றாள் அக்கா. "தொழில் தெரியாம பேசாத" என்றார் மாமா. அதோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. இடையில் மாட்டிக்கொண்டவன் நான். ஒரே மிதவையில் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு, "உங்க மாமாவ டீ குடிக்கச் சொல்லு" என்பாள். "உங்க அக்காகிட்ட எனக்கு வேணாம்னு சொல்லு" என்பார். அந்த டீயையும் நானே குடிப்பேன்.

பார்ஜ் வேலை தொடங்கிய காலையில் என் மகள் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன் சக்கரம் தரையோடு தரையாக இருந்தது. "அப்பா, சாயங்காலம் வந்து காத்து அடிச்சுக் குடுக்கணும். மறக்கக் கூடாது" என்றாள். "உங்கப்பன் தொழிலே காத்து விக்கிறதுதான், மறப்பனா?" என்றேன். அவள் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மிதவையில் நாங்கள் சாமான்களை இறக்கும்போது மாமா கேட்டார்.

"டேய், பெல்ட்ல ஒரு கட்டி சேத்துட்டியா?"

சேர்க்கவில்லை. சேர்க்கத்தான் போய்க்கொண்டிருந்தேன். ஆனால் அவர் கேட்டதும் ஒட்டடைக்குச்சியின் விரல்கள் கண் முன்னால் வந்தன. என் பயம் வாய் வழியாக வெளியே வந்தால் அது கோபமாகத்தான் வரும்.

"எத்தன வருஷமா முங்கறேன்! எனக்குப் பாடம் எடுக்கறீங்களா? என் பெல்ட்ட எனக்குப் பாத்துக்கத் தெரியும். யாரும் சொல்ல வேண்டாம்!"

மாமா கம்ப்ரஸர் பக்கம் போனார். கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்று, மறுபடி சுருட்டியது. ஒருத்தன் பெல்ட்டை இன்னொருத்தன் தொடக் கூடாது என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். தன் எடை தனக்குத்தான் தெரியும் என்பதற்காக வந்த பழக்கம். அதைச் சொல்லி நான் அவர்கள் வாயை அடைத்துவிட்டேன்.

பிறகு பெல்ட்டை எடுத்துக்கொண்டு சாமான் கொட்டகைக்குப் பின்னால் போய், ஐந்தாவது கட்டியைக் கோத்தேன். அவர் கேட்டதற்காக ஓடிப்போய்ச் சேர்த்தான் என்று ஆகிவிடக் கூடாதே! அதனால் யாருக்கும் தெரியாமல் கோத்தேன். அங்கேயே ரப்பர் உடையையும் மாட்டிக்கொண்டு வந்தேன். மாமா சிலிண்டர் பூட்டிய ஜாக்கெட்டைத் தூக்கிப் பிடித்தார், நான் தோளைக் கொடுத்தேன். கனமாக இருந்தது. வாடகைச் சாமான் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். அக்கா கயிற்றை வாரில் மாட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

காலை எடுத்து வைத்தேன்.

வழக்கமாகத் தண்ணீர் என்னை ஒரு நிமிஷம் மேலே வைத்துக்கொண்டு, பிறகுதான் உள்ளே விடும். அன்று அப்படியே விழுங்கியது. காது வலிக்க வலிக்க நேரே கீழே போனேன். மூக்கைப் பிடித்து ஊதுவதற்குள் கால்கள் சேற்றில் இறங்கிவிட்டன. சிலிண்டர் நிறைய காற்று இருக்கிறது, அதோடு ஒரு கட்டியும் கூடியிருக்கிறது, முதலில் கனமாகத்தான் இருக்கும், போகப் போகச் சரியாகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஜாக்கெட்டில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் சிலிண்டர் காற்று ஜாக்கெட்டுக்குள் இருக்கும் பையில் நிரம்பி ஆளைத் தூக்கும். அழுத்தினேன். இன்னும் அழுத்தினேன். ஜாக்கெட் விலா எலும்பை நெரிக்கும் அளவுக்கு உப்பிய பிறகுதான் கால் சேற்றைவிட்டு வந்தது.

அப்போதே மேலே போயிருக்க வேண்டும். போனால் மாமா 'என்னாச்சு' என்று கேட்பார். பெல்ட்டைப் பற்றி அவ்வளவு பேசிவிட்டு எந்த முகத்தோடு போவது? பார்ஜின் அடிக்குள் நுழைந்தேன்.

உள்ளே வெளிச்சம் கிடையாது. தலையில் கட்டிய விளக்கு, கைக்கு எட்டும் தூரத்தில் கலங்கலான ஒரு வட்டத்தைக் காட்டும். மேலே தகடு, கீழே சேறு, நடுவில் ஒன்றரை ஆள் உயரம். சுரண்டியை வைத்து இழுத்தால் சிப்பிகள் உதிர்ந்து முகத்தின் மேல் விழும். உப்பிய ஜாக்கெட் என்னை ஒரு பக்கமாகப் புரட்டிக்கொண்டே இருந்தது. புரண்டால் காற்று கசியும், கசிந்தால் இறங்குவேன், மறுபடி பொத்தான். மூச்சு இரட்டிப்பாகப் போனது. காற்று மீட்டரின் முள் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. மேலிருந்து ஒரு இழுப்பு வந்தது. நல்லா இருக்கியா? ஒரு தடவை இழுத்தேன். நல்லா இருக்கேன். நாக்கால் மட்டும்தான் பொய் சொல்ல முடியும் என்று யார் சொன்னது?

பார்ஜின் நடுப்பகுதிக்கு வந்திருப்பேன். ஒரு பக்கமாகப் புரண்டபோது தோளுக்குப் பின்னால் சிப்பி விளிம்பு ஒன்று ஜாக்கெட்டில் மாட்டியது. உதறினேன். கிழிந்த சத்தம் தண்ணீருக்குள்கூட நன்றாகக் கேட்டது. முதுகுப் பக்கமிருந்து குமிழிகள் பொலபொலவென்று கிளம்பின. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் கீழே போனேன். முழங்கால், பிறகு தொடை. சேறு இடுப்புக்கு வந்து நின்றது. கலங்கியதில் விளக்கு இருக்கிற இடம்கூடத் தெரியவில்லை.

பொத்தானை அழுத்தினேன். காற்று போன வழியே போனது. கயிற்றை விடாமல் இழுத்தேன். மேலே அக்காவும் இழுத்திருக்க வேண்டும், ஆனால் என்னிடம் எதுவும் வந்து சேரவில்லை. பார்ஜின் விளிம்பில் எங்கோ சிப்பிகளுக்கு நடுவே கயிறு மாட்டிக்கொண்டிருந்தது. அவள் இழுப்பு அந்தப் பக்கம், என் இழுப்பு இந்தப் பக்கம். இனி யாரும் இல்லை என்று புரிந்தது. அழுதேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. முகமூடிக்குள் அழுதால் துடைக்க முடியாது. சக்கரம் தரையோடு கிடக்கும் அந்தச் சைக்கிள்தான் ஞாபகத்துக்கு வந்தது.

பெல்ட்டின் கொக்கியில் கை வைத்தேன். ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிடும். ஐந்து கட்டியும் ஒன்றாகப் போகும். போனால்? சேற்றிலிருந்து விடுபட்டு நேரே மேலே போவேன். மேலே தகடு. சிலிண்டரில் காற்று தீரப்போகிறது. லேசான சிலிண்டர், வெறும் இடுப்பு, நாலா பக்கமும் இருட்டு. அது ஒட்டடைக்குச்சி இருந்த இடம். கீழே இருந்தால் சேறு, அவிழ்த்தால் தகடு. எதில் சாவது என்பதை மட்டும் நான் முடிவு செய்துகொள்ளலாம் போலிருந்தது.

கொக்கியிலிருந்து கையை எடுத்தேன். கிழிசலைக் கையால் பொத்த முடியுமா என்று பார்க்க முதுகுக்குப் பின்னால் துழாவினேன். அந்த ஜாக்கெட்டின் பின்பக்கத்தில் சின்னப் பை ஒன்று உண்டு. நான் அதைப் பயன்படுத்தியதே இல்லை. அதற்குள் கனமாக ஏதோ இருந்தது.

வெளியே இழுத்துத் தடவினேன். ஈயக்கட்டி. மூலைகள் எல்லாம் உருண்டிருந்தன. மாமாவுக்கு இடுப்பில் ஈயத்தின் மூலை குத்துவது பிடிக்காது. அவர் முங்கிய காலத்தில் தன் கட்டிகளை எல்லாம் அரம் வைத்து உருட்டி வைத்திருந்தார். அந்தக் கட்டிகளை வேறு யாரும் எடுப்பதில்லை.

ஆக, நான் கத்தியதைப் பார்த்து, இவன் வீம்புக்குச் சேர்க்கமாட்டான் என்று முடிவு செய்து, பெல்ட்டைத் தொடக் கூடாது என்பதால், நான் கொட்டகைக்குப் பின்னால் போன நேரத்தில் பையில் போட்டிருக்கிறார். கட்டியைக் கீழே போட்டேன். உடம்பு கொஞ்சம் அசைந்தது. ஆனால் சேறு விடவில்லை.

அப்போதுதான் அடுத்த எண்ணம் வந்தது. மாமா வைத்திருந்தால் அக்கா சும்மாவா இருந்திருப்பாள்? இருவருக்கும்தான் பேச்சு இல்லையே. இவர் வைத்தது அவளுக்கு எப்படித் தெரியும்?

கையை வளைத்து சிலிண்டரின் அடிப்பாகத்துக்குக் கொண்டுபோனேன். தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது. விரலில் துணி பட்டது. துணிப்பட்டைக்கு உள்ளே இன்னொரு கட்டி. பட்டையின் மேல் முடிச்சு. அது அக்காவின் முடிச்சேதான். சாப்பாட்டுக் கூடையானாலும் துணி மூட்டையானாலும் அவள் போட்ட முடிச்சைக் கையால் அவிழ்த்தவர் இல்லை. வீட்டில் இதற்காக அவளை நான் கேலி செய்யாத நாள் இல்லை. இப்போது சிலிண்டரில் காற்று தீர ஆரம்பித்திருந்தது. உறிஞ்சினால் காற்று யோசித்து யோசித்து வந்தது.

சுரண்டியை அந்தப் பட்டைக்குள் நுழைத்து அறுத்தேன். பக்கத்திலேயே மீட்டருக்குப் போகும் காற்றுக்குழாய். கொஞ்சம் தவறினால் அதுவும் சேர்ந்து போகும். சுரண்டி இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை துணி விட்டுக்கொடுத்தது. கட்டி என் குதிகாலில் இடித்துக்கொண்டு கீழே விழுந்தது.

சேறு மெதுவாக என்னை விட்டது. மேலே போகிறேன், தகட்டில் ஒட்டப்போகிறேன் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். தகடு வரவில்லை. கண்ணைத் திறந்தபோது தகட்டுக்கும் சேற்றுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. காற்று தீர்ந்த அலுமினிய சிலிண்டருக்கு என்ன எடை வேண்டுமோ, சரியாக அந்த எடை. ஒட்டடைக்குச்சிக்கு இல்லாமல் போன ஒரு கட்டி என் இடுப்பில் இருந்தது.

கயிற்றைக் கைக்குக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு நகர்ந்தேன். விளிம்பில் மாட்டியிருந்த இடத்தைத் தொட்டதும் உதறி விடுவித்தேன். அடுத்த கணம் கயிறு என்னைப் பிடுங்கிக்கொண்டு போனது. கடைசி உறிஞ்சலில் எதுவும் வரவில்லை. அதற்குள் வெளிச்சம் வந்துவிட்டது.

மேலே நான் முதலில் பார்த்தது மாமாவை. காது கிழிந்த மனுஷன், சட்டை பேன்ட்டோடு இன்னொரு சிலிண்டரை மாட்டிக்கொண்டு என்னைத் தேடக் குதித்திருக்கிறார். ஈயம் கட்ட மறந்துவிட்டார். உப்பிய ஜாக்கெட்டோடு தக்கை மாதிரி மிதந்துகொண்டு, தலையை மட்டும் தண்ணீருக்குள் விட்டுவிட்டு எடுத்து, "டேய்! டேய்!" என்று கத்திக்கொண்டிருந்தார். வேறொரு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன்.

மிதவையில் மூன்று பேரும் விழுந்து கிடந்தோம். அக்காவின் இரண்டு உள்ளங்கையிலும் கயிறு அறுத்து ரத்தம். எனக்குப் பல் கிட்டிக்கொண்டது. இருந்தாலும் நான்தான் முதலில் கேட்டேன்.

"எதுக்கு... எதுக்கு அத்தன கட்டி வெச்சீங்க?"

"நான் ஒண்ணுதாண்டா வெச்சேன்" என்றாள் அக்கா.

"நானும் ஒண்ணுதான் வெச்சேன்" என்றார் மாமா.

அக்கா மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். சண்டைக்குப் பிறகு அவரிடம் நேராக அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"நீங்களுமா வெச்சீங்க?"

மாமா தலையை ஆட்டினார். அவர் காதிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"நானும் ஒண்ணு சேத்தேன்" என்றேன் நான். "கொட்டகைக்குப் பின்னால போய்."

"சேத்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னடா?" என்று அக்கா கேட்டாள். திட்டவில்லை, கேட்கத்தான் செய்தாள்.

அன்று சாயங்காலம் மகளின் சைக்கிளுக்குக் காற்று அடித்தேன். "ஏம்பா கை இப்டி நடுங்குது?" என்றாள். "குளிருது" என்றேன்.

மறுநாள் பார்ஜின் மறுபாதி அப்படியே காத்திருந்தது. முடித்துக் கொடுத்துத்தான் ஆக வேண்டும், மாமா இறங்க முடியாது. தைத்த ஜாக்கெட்டை நம்பாமல் வேறு ஜாக்கெட் கொண்டுவந்திருந்தார். அக்காவும் அவரும் என்னை நடுவில் நிறுத்தி, திருடனைச் சோதனை போடுவதைப் போல ஒவ்வொரு பையாகத் தடவிப் பார்த்தார்கள். "பெல்ட்ல அஞ்சு" என்று சத்தமாகச் சொன்னார் மாமா. "சிலிண்டர்ல ஒண்ணும் இல்ல, பையில ஒண்ணும் இல்ல" என்றாள் அக்கா. பிறகு என்னைப் பார்த்தார்கள். என் முறை.

வழக்கம்போலக் கோபம்தான் கிளம்பி வந்தது. அதை விழுங்கினேன்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

அவர்கள் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். மாமா பஞ்சு அடைத்த காதைத் தொட்டுக்கொண்டார். "நான் முங்கின காலத்துல தெனம் காலைல வாந்தி எடுத்துட்டுத்தாண்டா எறங்குவேன். உங்க அக்காவுக்கே தெரியாது. இனி முங்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னப்ப, தப்பிச்சேன்டா சாமின்னு இருந்துச்சு. அப்பறம் உன்ன எறக்கிவிட்டுட்டு, தெனம் இந்த மெதவைல நின்னு வாந்தி எடுக்காத குறைதான்."

அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு கட்டுப்போட்ட கையால் என் வாரில் கயிற்றை மாட்டினாள்.

"பயமா இருந்தா ரெண்டு தடவ இழு" என்றாள்.

"இழுத்தா என்ன பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். தெரிஞ்சுப்பேன்."

இறங்கினேன். தண்ணீர் என்னை ஒரு நிமிஷம் மேலே வைத்துக்கொண்டு, பிறகு உள்ளே விட்டது. விளிம்பைப் பிடித்து பார்ஜுக்கு அடியில் நுழைந்து, முதல் சிப்பியில் சுரண்டியை வைத்தபோது, மேலிருந்து ஒரு இழுப்பு வந்தது. நல்லா இருக்கியா?

கயிற்றைப் பிடித்து இரண்டு தடவை இழுத்தேன்.

உடனே பதில் வந்தது, இரண்டு இழுப்பு.